பாண்டிச்சேரிக்கு வேன் பிடிக்கும் டூர் கமிட்டிக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், காட்பாடி, ஆற்காடு, ராணிப்பேட்டைப் பக்கத்துத் தெருக்களிலும் அபார்ட்மெண்டுகளிலும் ஆபீஸ்களிலும், ஆளுக்கு இவ்வளவு என்று வசூல் பண்ணி, ஒரு சனி ஞாயிறு பார்த்து எல்லோரையும் பாண்டிச்சேரிக்குக் கூட்டிப் போகிற கமிட்டி அண்ணன்மார்களுக்கு, சத்துவாச்சாரியிலிருந்து வணக்கம்.

முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். வேன் பேசுவது, ரூம் பேசுவது, வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடைசி நாளில் காலை வாருகிறவர் வீட்டு வாசலில் போய் நிற்பது, இதெல்லாம் லேசான வேலை இல்லை. அதனால்தான் ஊர் திரும்பியதும் யாரும் உங்களிடம் எதையும் சொல்வதில்லை. சொல்ல வேண்டியதை எல்லாம் பெண்கள் நாங்கள் வாட்டர் கேன் வாங்கப் போகும்போதும் மாடியில் துணி காயப்போடும்போதும் எங்களுக்குள்ளேயே பேசிக்கொள்கிறோம். இந்த முறை எழுதியே விடலாம் என்று தோன்றியது.

நீங்கள் போடுகிற டூர் நோட்டீஸில் என்ன இருக்கும்? விடியற்காலை மூன்று மணிக்குப் புறப்பாடு. அப்புறம் இடங்களின் பெயர்கள், ஒரு பக்கம் நிறைய. ஆரோவில், அரவிந்தர் ஆசிரமம், மணக்குள விநாயகர், மியூசியம், தாவரவியல் பூங்கா, சுண்ணாம்பாறு போட் ஹவுஸ், பாரடைஸ் பீச், செரினிட்டி பீச், பீச் ரோடு, ஷாப்பிங். நம் ஊரிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர், வேனில் நாலு மணி நேரம், நடுவில் டீக்கு நிறுத்துவது வேறு. பாதித் தூக்கத்தில் எழுப்பிய குழந்தைகளோடு போய் இறங்கும்போது எட்டு மணி ஆகியிருக்கும். பாண்டிச்சேரியில் வெயில் ஏற ஆரம்பிக்கிற நேரம் அதுதான். அந்த நேரத்தில் தொடங்கிப் பன்னிரண்டு, ஒன்று, இரண்டு மணி வரை வண்டியில் ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கி, ஒவ்வொரு இடத்திலும் "பத்து நிமிஷம், சீக்கிரம்" என்று விசில் அடித்து, சாயங்காலம் ஊர் நன்றாக ஆகிற நேரத்துக்குச் சரியாக "சரி கிளம்பலாம், லேட் ஆயிடும்" என்கிறீர்கள். அந்த ஊரில் வெளியே இருக்க வேண்டிய நேரத்தில் வண்டிக்குள்ளும், நிழலில் இருக்க வேண்டிய நேரத்தில் வெளியிலும் நம்மை வைத்திருக்கிறது உங்கள் நோட்டீஸ்.

"நமக்குத் தெரியாத வெயிலா?" என்று எப்போதும் ஒரு அண்ணன் சொல்வார். கத்திரியில் நாற்பதைத் தாண்டுகிற ஊரில் குடியிருக்கிறோம், வாஸ்தவம்தான். ஆனால் நம் வெயில் காய்ந்த வெயில். சுற்றிலும் பாறை மலை, பாலாற்றில் மணல்தான், தண்ணீர் கிடையாது, காற்றில் ஈரம் குறைவு. வேர்வை வந்ததும் காய்ந்துவிடும், காயும்போது உடம்பைக் குளிர்த்தியும் விடும். கடற்கரை ஊரில் முப்பத்து நாலு டிகிரி என்றாலும் காற்று முழுக்க ஈரம் என்பதால் வேர்வை காயவே காயாது, சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டு நிற்கும், உடம்புச் சூடு வெளியே போக வழி இருக்காது. நம் ஊரில் நாற்பதைத் தாங்குகிற பெரியவர்கள் அங்கே மத்தியானம் மயங்கி உட்காருவது இதனால்தான். மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று வரும். தரை சூடாகி அதன் மேல் இருக்கிற காற்று மேலே போக, அந்த இடத்துக்குக் கடல் பக்கத்துக் காற்று உள்ளே வருகிறது. அது வந்த பிறகு, நாலு மணிக்கு மேல், ஊரே மாறிவிடும். அந்த நாலு மணியிலிருந்து ராத்திரி வரைக்கும், அப்புறம் விடியற்காலை ஐந்திலிருந்து ஒன்பது வரைக்கும், இந்த இரண்டு வேளைக்காகத்தான் அங்கே போகவே வேண்டும்.

அதனால் நான் கேட்பது இதுதான். சனிக்கிழமை வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் பன்னிரண்டு மணிக்குக் கிளம்புங்கள். மூன்று மணிக்குக் குழந்தைகளை எழுப்ப வேண்டாம், புளியோதரை கட்ட நாங்களும் ராத்திரி ஒரு மணிக்கு எழுந்திருக்க வேண்டாம் (புளியோதரை தானாக வருகிறது என்றுதான் கமிட்டியில் பாதிப் பேர் நினைக்கிறீர்கள் என்பது என் சந்தேகம்).

போகிற வழியைப் பற்றியும் ஒன்று. கண்ணமங்கலம் வழியாகப் போனால் கொஞ்சம் மிச்சம்தான், ஆனாலும் ஆற்காடு, ஆரணி, வந்தவாசி, திண்டிவனம் என்று போகச் சொல்லுங்கள். வண்டியில் ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கு இந்த ரோடே ஒரு பாடம். 1749-ல் நம் ஆம்பூரில் நடந்த சண்டையில் ஆற்காட்டு நவாப் அன்வருதீன் செத்தார். ஜெயித்தவர் நவாப் பதவிக்குப் போட்டி போட்ட சந்தா சாகிப், அவருக்குத் துணைக்கு வந்தது புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுப் படை. இரண்டு வருடம் கழித்து, 1751-ல், ஆங்கிலேயக் கம்பெனியின் கிளைவ், சந்தா சாகிப்பின் ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்து உட்கார்ந்துகொண்டு ஐம்பது நாளுக்கு மேல் முற்றுகையைத் தாங்கினார். அந்த வருடக் கடைசியில் ஆரணியில் இன்னொரு சண்டை. 1760 ஜனவரியில் வந்தவாசியில் லாலியின் பிரெஞ்சுப் படையை ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் தோற்கடித்தார். மறு வருடம் ஜனவரியில் புதுச்சேரியே ஆங்கிலேயர் கைக்குப் போய், கோட்டையையும் ஊரையும் இடித்துத் தள்ளிவிட்டார்கள். இன்று நாம் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிற மஞ்சள் வீடுகள் பெரும்பாலும் அதற்கு அப்புறம் கட்டியவை. அந்த ஊர் விழுந்த கதை நம் ஊர்களில் தொடங்கி, நம் வேன் போகிற அதே வரிசையில் போய் முடிகிறது. வண்டியில் சத்தமாகப் பாட்டு போடுவதை ஆரணியிலிருந்து வந்தவாசி வரைக்குமாவது நிறுத்தி, யாராவது ஒரு வாத்தியாரை இதைச் சொல்லச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

வழியில் இன்னொரு விஷயம், வெட்கப்படாமல் சொல்கிறேன். ஆண்களுக்கு எந்தப் புளியமரம் கிடைத்தாலும் போதும். எங்களுக்குப் போதாது. எங்கே நல்ல கழிப்பறை உள்ள பெட்ரோல் பங்க், எங்கே ஓட்டல் என்று முன்கூட்டியே பார்த்து, டீக்கு நிறுத்துவதை அங்கே நிறுத்துங்கள். பாதிப் பெண்கள் வண்டியில் ஏறியதிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை, அதற்குக் காரணம் இதுதான். அப்படியே போய் வெயிலில் இறங்கினால் தலை சுற்றாமல் என்ன செய்யும்?

நாலரை, ஐந்துக்குப் போய்ச் சேர்ந்தோமா, பையை ரூமில் போட்டுவிட்டு நேரே பீச் ரோடு. சாயங்காலம் ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை ஏழரை வரை அங்கே வண்டிகளை விடுவதில்லை. பெரியவர்களும் குழந்தைகளும் நடு ரோட்டில் கைவீசி நடக்கலாம். ஒரு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும், ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடி வரை நடந்து திரும்புவதே ஒரு சாயங்காலத்துக்குப் போதும். காந்தி சிலையைச் சுற்றி நிற்கிற கல் தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை என்று சொல்வார்கள். சிலை தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, மெரினாவில் உழைப்பாளர் சிலை செய்தாரே, அவர்தான். 1836-ல் கட்டிய பழைய கலங்கரை விளக்கம் பக்கத்திலேயே. முதல் உலகப் போரில் பிரான்சுக்காகச் செத்தவர்களுக்கான நினைவுச் சின்னம் எதிரில். எல்லாம் நடக்கிற வழியிலேயே வந்துவிடும், விசில் தேவையில்லை.

அங்கே "பீச்சுன்னு சொல்லிக் கல்லைக் காட்டறாங்க" என்று ஒவ்வொரு முறையும் யாராவது அலுத்துக்கொள்வார்கள். முன்பு அங்கேயும் மணல் இருந்தது. இந்தக் கரையோரம் அலையும் நீரோட்டமும் மணலைப் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். 1980-களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கற்சுவர் நீட்டினார்கள். வருகிற மணல் தெற்கிலேயே தங்கிவிட, வடக்கே கடல் கரையைத் தின்றுவிட்டது. ஊரைக் காப்பாற்றத்தான் கற்களைக் கொட்டினார்கள். பிறகு கடலுக்கு அடியில் ஒரு தடுப்பை அமைத்து, தலைமைச் செயலகத்தை ஒட்டி மறுபடி மணல் சேர வைத்திருக்கிறார்கள். குழந்தைகள் அந்த மணலில் விளையாடட்டும். கற்கள் மேல் ஏற விடாதீர்கள், பாசி பிடித்து வழுக்கும்.

குளிப்பதைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நம் ஆட்களில் நீந்தத் தெரிந்தவர்கள் கிணற்றில் கற்றவர்கள். கிணற்றுத் தண்ணீர் யாரையும் இழுத்துக்கொண்டு போகாது. கடலில் அலை கொண்டுவந்து கொட்டுகிற தண்ணீர் திரும்பிப் போக ஒரு குறுகலான வழி பிடிக்கும். பார்ப்பதற்கு அலை குறைவாக, அமைதியாக இருப்பது அந்த இடம்தான், "இங்க அலையே இல்ல, வாங்கடா" என்று பையன்கள் இறங்குவதும் அங்கேதான். இழுப்பில் மாட்டினால் கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தி ஓய்ந்து போகாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து வெளியே வர வேண்டும். இதை வண்டியிலேயே மைக்கில் சொல்லுங்கள். முழங்காலுக்கு மேல் யாரும் போகக் கூடாது, குடித்தவர் தண்ணீர்ப் பக்கமே போகக் கூடாது என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

குடி என்று வந்துவிட்டதால் அதையும் பேசிவிடலாம். யாரும் பேசாமல் சுற்றிச் சுற்றி வருகிற விஷயம் இதுதானே. அங்கே வரி குறைவு, விலை குறைவு, கமிட்டியில் சிலருக்கு டூரே அதற்குத்தான். குடிப்பதும் குடிக்காததும் உங்கள் இஷ்டம், அதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் "ஷாப்பிங் ஒரு மணி நேரம்" என்று போட்டுவிட்டு, எங்களை ஒரு பொம்மைக் கடை வாசலில் இறக்கிவிட்டு, ஆண்கள் எல்லாம் காணாமல் போவது என்ன நியாயம்? திரும்பும்போது சீட்டுக்கு அடியில் பாட்டில் வேறு. தமிழ்நாட்டுக்குள் அதைக் கொண்டுவருவது குற்றம் என்று தெரிந்தேதான் செய்கிறீர்கள். ஒரு முறை ராத்திரி செக்போஸ்டில் வண்டியை ஓரம் கட்டி, தூங்குகிற குழந்தைகளை எல்லாம் எழுப்பி இறக்கி, பை பையாகச் சோதனை போட்டார்கள். எங்கள் பைகளையும் பிரித்துக் கொட்டினார்கள். யாரோ ஒருவருடைய நாலு பாட்டிலுக்காக ஐம்பது பேர் ரோட்டோரம் நின்றோம். அவர் பெயரை நான் எழுதவில்லை, அவருக்குத் தெரியும்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நமக்குக் கிழக்கில் கடல் இல்லை, சூரியன் மலைக்குப் பின்னாலிருந்துதான் வரும். அது தண்ணீரிலிருந்து வருவதைப் பார்க்க ஐந்தரைக்கே பீச் ரோட்டில் இருக்க வேண்டும். வர இஷ்டமில்லாதவர்கள் தூங்கட்டும், எல்லோரையும் கட்டி இழுக்க வேண்டாம். பார்த்துவிட்டு அப்படியே வெள்ளைக்காரத் தெருக்களுக்குள் நடக்கலாம், துமாஸ் வீதி, ரோமன் ரோலண்ட் வீதி என்று. ஏழு மணிக்கு அங்கே கூட்டமே இருக்காது. வழி தவறும் பயம் வேண்டாம், கோடு போட்டது போல நேர்த் தெருக்கள், கிழக்கே எந்தத் தெருவில் போனாலும் கடல்தான். அப்புறம் ஊரை இரண்டாகப் பிரிக்கிற வாய்க்காலைத் தாண்டித் தமிழர் பகுதிக்கு வாருங்கள், நோட்டீஸ் எதிலும் இது இருப்பதில்லை. வைசியாள் வீதிப் பக்கம் திண்ணையும், தெருவில் போகிறவர்களுக்கும் நிழல் தருகிற தாழ்வாரமும், மரத் தூணுமாக வீடுகள் இருக்கின்றன. கொசப்பேட்டை, வேலப்பாடிப் பக்கம் நம் தாத்தா பாட்டி வீடுகளை இடித்துவிட்டு கிரில் கேட் போட்டுக்கொண்டோமே, அந்த மாதிரி வீடுகளை அங்கே வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த ஊரில் பிடித்த இடம் அதுதான், பிரெஞ்சு வீடுகள் இரண்டாவது.

மணக்குள விநாயகர் கோவிலுக்கு எட்டு மணிக்கு முன்னால் போய்விடுவது நல்லது. குழந்தைகளிடம் யானை ஆசீர்வாதம் பண்ணும் என்று சொல்லிக் கூட்டிப் போகாதீர்கள், கோவில் யானை லட்சுமி 2022 நவம்பரில் இறந்துவிட்டது. இன்னும் நம் நோட்டீஸில் யானைப் படம் போடுகிறீர்கள்.

பத்து மணிக்கு மேல் நிழல். மியூசியத்துக்கு முதலிடம் கொடுங்கள், பக்கத்தில் இருக்கிற பழைய துறைமுகமான அரிக்கமேட்டில் எடுத்த ரோமானிய மதுச்சாடித் துண்டுகளும் மணிகளும் அங்கே இருக்கின்றன. 1945-ல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோதுதான், இந்தக் கரையிலிருந்து ரோமாபுரியோடு இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே வியாபாரம் நடந்தது மண்ணிலிருந்து உறுதியாகத் தெரிந்தது. அரிக்கமேட்டுக்கே நேரில் போனால் மரங்களும் ஒரு பழைய செங்கல் கட்டடத்தின் மிச்சமும்தான், குழந்தைகள் ஏமாந்து போவார்கள். மியூசியத்தைப் பார்த்தவர்களில் ஆசை உள்ளவர்கள் மட்டும் ஆட்டோ பிடித்துப் போய் வரட்டும். ஞாயிறு முடிந்து திங்கட்கிழமை லீவு சேர்ந்து வருகிற நாட்களில் டூர் போட்டால், மியூசியத்தைத் திங்கட்கிழமைக்குத் தள்ளாதீர்கள், அன்றைக்குப் பூட்டியிருக்கும்.

பாரதி 1908-லிருந்து 1918 வரை இந்த ஊரில்தான் இருந்தார். அவர் குடியிருந்த வீடு ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் இருக்கிறது, நடக்கிற தூரம்தான். பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் வீடு. மார்க்கெட் பக்கம் ஆனந்தரங்கம் பிள்ளையின் மாளிகை. பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்குத் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்து 1736 முதல் நாட்குறிப்பு எழுதியவர், ஆற்காட்டு நவாப் வீட்டுச் சண்டை சங்கதியெல்லாம் அதில் வருகிறது. புதுச்சேரி விழுவதற்குச் சில நாள் முன்னால்தான் கண்ணை மூடினார். ஆசிரமத்துக்கு ஐம்பது பேராகப் போகாதீர்கள், அங்கே பேசக் கூடாது, மூன்று வயதுக்குக் கீழே குழந்தைகளை விடமாட்டார்கள். ஐந்தாறு பேராகப் போய்விட்டு வரட்டும்.

ஷாப்பிங்கா? ஞாயிற்றுக்கிழமை மகாத்மா காந்தி வீதியில் சந்தை போடுவார்கள், சட்டை, செருப்பு, பழைய புத்தகம் எல்லாம் பிளாட்பாரத்தில். லாங்கு பஜாரில் பேரம் பேசுகிறவர்களுக்கு அங்கே யாரும் சொல்லித்தர வேண்டாம்.

சாப்பாட்டில் ஒரு வேண்டுகோள். அந்த ஊருக்குப் போய் "நல்ல ஆம்பூர் பிரியாணி எங்க கிடைக்கும்" என்று தேடுவதை விடுங்கள், ஆம்பூர் நமக்கு ஒரு மணி நேரம். மத்தியானம் மீன் சாப்பாடு, வெயில் தாழும்வரை ரூமில் தூக்கம். ரூமைக் காலை பத்துக்குக் காலி பண்ணச் சொல்வார்கள் என்றால், பெரியவர்களுக்காக இரண்டு ரூமையாவது சாயங்காலம் வரை பேசி வையுங்கள். இடங்களைக் குறைத்தால் மிச்சமாகிற டிக்கெட் பணமே அதற்குப் போதும்.

ஆரோவில் வேண்டாம் என்கிறேனே, கோபம் வரும். 1968-ல் ஆரம்பித்த அந்த ஊரைப் புரிந்துகொள்ள ஒரு நாள் வேண்டும், அங்கே இருக்கிற மாத்ரிமந்திர் தியான மண்டபத்துக்கு உள்ளே போக முன்பதிவு வேண்டும். நாம் செய்வது என்ன? பாஸ் வாங்கி, வெயிலில் நடந்து, தூரத்திலிருந்து தங்கக் கோளத்தைப் பார்த்து, போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புவது. தங்கத்தைத் தூரத்திலிருந்து பார்க்க நமக்கு ஸ்ரீபுரம் பொற்கோவிலே இருக்கிறது. போட் ஹவுஸும் அப்படித்தான், ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நிற்கிற நேரம் படகில் போகிற நேரத்தைவிட அதிகம். பையன்கள் அடம்பிடித்தால் அதை மட்டும் மூன்றரைக்கு வைத்துக்கொண்டு, அங்கிருந்தே ஊருக்குக் கிளம்பலாம்.

எந்த மாதம் என்பதையும் பாருங்கள். அரையாண்டு லீவில் டிசம்பர் கடைசியில் போனால் புத்தாண்டுக் கூட்டத்தில் ரூம் வாடகை எகிறும். தீபாவளிக்கு அப்புறம் என்றால் புயல் காலம், 2011-ல் 'தானே' புயல், 2024-ல் 'ஃபெஞ்சல்' புயல், இரண்டும் அந்தப் பக்கம்தான் கரையைக் கடந்தன. பொங்கல் கூட்டம் கலைந்த பிறகு, ஜனவரி கடைசியோ பிப்ரவரியோ சரி. மாசி மகத்தன்று அமைந்தால் இன்னும் நல்லது, பாண்டிச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரையில் மயிலம் முருகன் உட்படப் பல ஊர்ச் சாமிகள் கடலாடித் தீர்த்தவாரிக்கு வரும். அதைப் பார்க்க டிக்கெட் கிடையாது, கூட்டத்தில் குழந்தைகள் கையை விடாமல் இருந்தால் போதும்.

இதையெல்லாம் அடுத்த மீட்டிங்கில் வாசித்துவிட்டு, பெண்களில் இரண்டு பேரையாவது கமிட்டியில் சேருங்கள். மீட்டிங்கை ஞாயிறு காலையில் வைக்காதீர்கள், அப்போதுதான் கறி அடுப்பில் இருக்கும். சாயங்காலம் ஐந்து மணி என்றால் வருகிறோம். முன்பணம் கேட்டால் அதையும் அங்கேயே கொடுத்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
பின் சீட்டில் உட்கார்ந்து வருகிற ஒருத்தி
சத்துவாச்சாரி